அக்கா மாட்டாத படம்

என் அக்கா மனிதர்களின் முகத்தைப் படம் எடுப்பதில்லை. முதுகைத்தான் எடுப்பாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது கூடத்துச் சுவர் முழுக்க முதுகுகள். மாவு பிசைகிறவர், கப்பலுக்கு வர்ணம் பூசுகிறவர், அறுவை சிகிச்சைக்கு முன்னால் கை கழுவும் மருத்துவர், நூலகத்தில் மேல் தட்டுப் புத்தகத்துக்கு எட்டுகிற பெண். நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியா, உங்க அக்காவோட குடும்பத்த? நானும் காலையிலேர்ந்து காப்பி வேணுமா, காப்பி வேணுமான்னு கேக்கறேன். ஒருத்தராவது திரும்பிப் பாக்கறாங்களா பாரு."

"அவங்க வேலையா இருக்காங்கம்மா" என்றாள் அக்கா, ஃபிலிம் சுருளைத் துடைத்துக்கொண்டே.

அக்காவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இருபது வயதில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலை. "நேரா பாருங்க, தாடைய எறக்குங்க, சிரிக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம், நாலு வருடம். வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கூட அந்த முக்காலியில் உட்கார்ந்ததும் போலீஸ் தேடும் ஆளைப் போல விறைத்துக்கொள்வாராம். படம் எடுத்து முடிந்து, எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நடக்கும்போதுதான் மறுபடி பழைய ஆள் ஆவார். அப்போது அக்காவுக்குத் தெரிவது முதுகுதான். ஒரு நாள் ஒரு தபால்காரர் அப்படிப் போகும்போது அதை எடுத்துவிட்டாள். முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சிக்குத்தாம்மா காசு குடுக்கறாங்க" என்றார். அந்த மாதமே அக்கா வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. குழாய், செருப்பு, கதவுக் கைப்பிடி, வாடகைக்கு விடும் வீட்டின் குளியலறை என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். ஒரே ஒரு முறை கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆல்பத்தைத் திறந்த மாப்பிள்ளையின் அப்பா, "என்னம்மா இது, ரெண்டு பேரும் எங்கள விட்டு ஓடிப்போற மாதிரியே இருக்கு" என்றாராம். கல்யாணங்கள் அதோடு நின்றன.

குழாய்களும் செருப்புகளும் ரயில் டிக்கெட்டாக மாறிவிடும். ஒரு ஊரில் மணிக்கூண்டைப் பார்க்கக் கூட்டம் ஒரு பக்கம் போனால், அந்தக் கடிகாரத்துக்கு எண்ணெய் போடுகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே போவார் என்று அக்கா இன்னொரு பக்கம் விசாரித்துக்கொண்டிருப்பாள். பத்து வருடத்துக்கு முன் என்னைப் பேர் போன ஓர் அருவிக்கு அழைத்துப் போனாள். அருவியை நான் பார்த்தேன். அக்கா மூன்று மணி நேரம் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எனக்கு அன்றுதான் ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்தது. அவளுக்கு அது ஏற்கெனவே முற்றியிருந்தது.

எட்டிப் பிடிக்கிற முதுகுதான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பல்பு மாற்றுகிறவர், கரும்பலகையின் மேல் வரியை அழிக்கிற ஆசிரியை, கூரையில் ஓடு மாற்றுகிறவர். "கை மேல போச்சுன்னா அந்த ஆளோட மொத்த வயசும் முதுகுல வந்துடும்டி" என்பாள்.

இதில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு படம்தான். கேமரா ஒரு முறை சத்தம் போட்டுவிட்டால் அதற்கப்புறம் முதுகும் போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுமாம். இரண்டாவது, படத்தில் இருப்பவரைத் தேடிப் போய், அச்சிட்ட படத்தைக் கையில் கொடுத்து, "இத சுவர்ல மாட்டலாமா?" என்று கேட்பாள். மாட்டலாம் என்று அவர் வாயால் சொன்னால்தான் மாட்டுவாள். முதல் கண்காட்சி ஒரு சலவைக் கடையில் நடந்தது. துணிக் கொடியில், துணி கவ்வும் கிளிப்பிலேயே பதினொரு படங்களைத் தொங்கவிட்டாள். அடுத்தது நூலகத்து நடைவழியில். மூன்றாவது மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில். அந்த மருத்துவரின் முதுகைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இவரா? இவர்தான் என் முட்டிய சரி பண்ணவரு" என்று எழுந்து நின்று கும்பிடு போட்டாராம். அக்கா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முகம் சிவந்துபோகும்.

நான் வந்த வாரத்தில்தான் அவளுக்குப் பெரிய கண்காட்சி அமைந்திருந்தது. நகரத்தின் நடுவில் இருக்கிற ஓவியக் கூடம். கீழ்த்தளத்துப் பெரிய ஹால். கேமரா பிடித்த பதினெட்டு வருடத்தில் இப்படி ஓர் இடம் கிடைத்தது முதல் முறை. கூடத்தின் பொறுப்பாளர் எந்நேரமும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பேரே மப்ளர். முப்பத்தொரு படங்களில் ஒன்றைப் பார்த்துத்தான் அவர் பெரிய ஹாலையே கொடுத்தார். அதை ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக அச்சடித்து, நுழைந்ததும் தெரிகிற சுவருக்கு என்று எடுத்து வைத்திருந்தார்.

அந்தப் படத்தில் ஓர் உயரமான கண்ணாடிக் கட்டடம். கயிற்றில் தொங்கும் பலகை மேல் நின்று ஒருவர் கண்ணாடி துடைக்கிறார். தலையில் ஹெல்மெட், தொளதொள நீல உடை. ஒரு கை எட்டுகிற மட்டும் எட்டி நீண்டிருக்கிறது. முகம் தெரிய வேண்டிய இடத்தில் கண்ணாடியெல்லாம் சோப்பு நுரை. துடைத்த ஒரு பட்டையில் மட்டும் வானம். இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒரு கொக்கியில் காலை வெயில் பட்டு, ஒரு பொட்டு வெளிச்சம். "அந்தப் பொட்டுதான் படத்தோட உயிரு" என்று அக்கா சொன்னாள். உண்மைதான். கண் வேறெங்கே போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

ஒரே ஒரு சிக்கல். எடுத்த அன்று ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஆள் ஐந்தாவது மாடி உயரத்தில். கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. அக்கா ஓடிவிட்டாள். அவள் நோட்டில் இருந்தது ஒரே வரி: 'கண்ணாடி துடைப்பவர், ஸ்டேஷன் எதிர்க் கட்டடம், கிழக்குப் பக்கம், காலை எட்டேகால்.' இரண்டு வருடமாக, "போகணும், போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். சனிக்கிழமை திறப்பு. திங்கட்கிழமை மப்ளரிடம் போய், "இன்னும் கேக்கலங்க" என்றாள்.

"ஊர் பேர் தெரியாத ஒரு முதுகு" என்றார் அவர். "யாரு வந்து கேக்கப் போறா?"

"நான்தான் போய்க் கேக்கணும்."

"இந்தப் படம் இல்லன்னா பெரிய ஹால் இல்லம்மா. அத வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்த நாள் காலை ரயிலில் நானும் கூடப் போனேன். வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்ததில் என் கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. மூன்று மணி நேரப் பயணம். கட்டடத்தின் பின்பக்கம், தரைக்குக் கீழே, துப்புரவு ஆட்களின் அறை. வரிசையாக வாளிகள், சுவரில் ஆணியடித்து மாட்டிய ரப்பர் துடைப்பான்கள், ஈரத் துணி வாசனை. இரண்டு பேர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பெரிய மீசை, இன்னொருவர் ஒல்லி. அக்கா படத்தை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"இது நான்தான்!" என்று மீசைக்காரர் எழுந்தே விட்டார். "நிக்கறத பாருங்க. இந்த நிப்பு வேற யாருக்கு வரும்?"

ஒல்லியானவர் மென்றுகொண்டே எட்டிப் பார்த்தார். "அண்ணே, அதுல நீங்க நின்னா பலகை இப்படி நேரா இருக்குமா? ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். இது நான்."

"உன் முதுக நீ எப்படா பாத்த?"

"நீங்க மட்டும் பாத்தீங்களாக்கும்!"

"இரு, உங்க அண்ணிகிட்டயே கேப்போம்." மீசைக்காரர் படத்தைப் போனில் எடுத்து மனைவிக்கு அனுப்பி, ஸ்பீக்கரில் போட்டார். "பாத்தியா? யாருன்னு சொல்லு."

"யாருன்னு தெரியலீங்க. ஆனா இவ்வளவு எட்டி வேலை செய்யற ஆளு நிச்சயமா நீங்க இல்ல" என்றது போன்.

ஒல்லியானவருக்கு ரொட்டி புரையேறிவிட்டது. அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். யாரோ ஒருவர் 'மாட்டுங்க' என்று சொன்னால் போதும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமே அடித்துக்கொண்டு சம்மதிக்கும்போது நமக்கென்ன?

அப்போது வாசலில் நிழல் தட்டியது. "கொக்கி மேடம்" என்று மீசைக்காரர் முணுமுணுத்தபடி போனை அணைத்தார். வந்தவர் மேற்பார்வையாளர். ஐம்பது வயதிருக்கும், குட்டையான முடி, கையில் சாவிக்கொத்து. தினமும் காலையில் பலகையில் ஏறுகிற ஒவ்வொருவரின் பெல்ட்டையும் கொக்கியையும் இழுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவாராம். அதனால் வந்த பேர். அவரும் மேசைக்கு வந்து படத்தைப் பார்த்தார். அழகு என்றோ யார் என்றோ எதுவும் கேட்கவில்லை.

"கொக்கி ஏன் தொங்குது?"

"எந்தக் கொக்கி?" என்றாள் அக்கா.

அவர் விரலை வைத்தது அந்த வெளிச்சப் பொட்டின் மேல். "இது மேலேர்ந்து வர்ற தனிக் கயித்துல மாட்டியிருக்கணும். பலகையே அறுந்து விழுந்தாலும் ஆள் அந்தக் கயித்துல நிப்பாங்க. இங்க மாட்டல. சும்மா தொங்குது."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப நல்லாப் பாத்தா," என்றார் மீசைக்காரர் மெதுவாக, "நான் இவ்வளவு அகலம் இல்ல."

"எனக்கு இந்த மாதிரி ஹெல்மெட்டே கிடையாதுங்க" என்றார் ஒல்லியானவர்.

"ரெண்டு பேரும் போங்க. வடக்குப் பக்கம் பாக்கி இருக்கு" என்றார் மேற்பார்வையாளர். அவர்கள் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார்கள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கிழக்குப் பக்கமா எடுத்தீங்க? காலையிலயா?"

"எட்டேகாலுக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தன் இடது கையை மேசை மேல் எடுத்து வைத்தார். படத்தில் நீண்டிருந்ததும் இடது கைதான். அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

"இங்க எடது கையால தொடைக்கற ஆளு நான் மட்டும்தாங்க" என்றார். "அன்னைக்கு ஒருத்தருக்குக் கொழந்தைக்குக் காய்ச்சல், வரல. ஒம்போது மணிக்கு யாரோ பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு மேலேர்ந்து போன் மேல போன். நாலே நாலு கண்ணாடிதான் பாக்கி. நானே ஏறிட்டேன். கொக்கி மாட்டியிருந்தா அந்த மூலை எட்டல. கழட்டினேன். ரெண்டு நிமிஷந்தானேன்னு."

அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "நல்லா இருக்கேன், இல்ல?" என்றார். வெட்கத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் கேட்டார்.

"ரொம்ப" என்றாள் அக்கா.

"மாட்டாதீங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சி தெரியலியே மேடம். யாருன்னு யாருக்குமே தெரியாது. வேணும்னா அந்தக் கொக்கிய மட்டும் மறைச்சுடலாம்."

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார். "வேலை போயிடும்னு சொல்லல. போனா போகுது. என்கிட்ட இருபத்திரெண்டு பேரு இருக்காங்க. தெனமும் கத்திக் கத்தித்தான் மாட்ட வெக்கறேன். இத ஒருத்தன் பாக்கறான்னு வெச்சுக்கோங்க. கொக்கி இல்லாம எவ்வளவு தூரம் எட்டலாம்னுதான் அவனுக்குத் தோணும். எனக்கே இப்பத் தோணுது."

"சரிங்க" என்றாள் அக்கா. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மேசையில் இருந்த படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது உங்களுது. கிழிச்சாலும் சரி, வெச்சுக்கிட்டாலும் சரி."

அவர் அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு எங்களுக்கு டீ வரவழைத்தார்.

இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க" என்றார். "படிச்சா பயம் வரும். படத்தப் பாத்தா ஆசைதான் வரும்."

திரும்பி வரும் ரயிலில் பாதி வழியில் அக்கா, "ஒரு ஆளு உசுரப் பணயம் வெச்சு நின்னுட்டு இருந்திருக்காங்க. அதப் போய் ரெண்டு வருஷமா வெளிச்சம், வெளிச்சம்னு ரசிச்சிருக்கேன்டி" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலைங்கறதுக்குத்தான் போய்க் கேக்கறது. உடனே போயிருக்கணும்." அவ்வளவுதான். மேற்கொண்டு புலம்பவில்லை. நோட்டை எடுத்து முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதினாள்.

மப்ளர் குதித்தார். கழுத்திலிருந்த மப்ளரே அவிழ்ந்துவிட்டது. "அந்தம்மா மூணு மணி நேரம் ரயில் ஏறி இங்க வரப்போறாங்களா?"

"அவங்க ஆளுங்கள்ல ஒருத்தர் வந்தா போதுமே."

"அப்ப பெரிய ஹால் இல்ல."

"சரி."

"மாடி ரூமுதான். நீளமா, சந்து மாதிரி இருக்கும்."

"சரி."

"உங்களுக்கு 'சரி'ய தவிர வேற எதுவும் பேச வராதா?"

"மூணு சுத்தியல் வேணும்" என்றாள் அக்கா.

நான் எத்தனையோ ஊரில், எத்தனையோ மேசைகளில், கொள்கை என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பதினெட்டு வருடம் காத்திருந்து கிடைத்ததைக் கையிலிருந்து இவ்வளவு லேசாகக் கீழே வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெரிய படத்தைச் சுருட்டிப் பஸ்ஸில் வீட்டுக்கு எடுத்து வந்தோம். ஒரு முனை என் தோளில், இன்னொரு முனை அவள் தோளில். கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்கம்மா, சீட்டு போட்டுத் தரேன்" என்றார். எனக்கு அப்போது யாராவது ஏதாவது கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது. துக்கத்தில் இல்லை.

மாடி அறை நிஜமாகவே சந்துதான். மூன்று நாள், அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டு, "எடது பக்கம் தூக்கு, இன்னும் தூக்கு, இப்ப எறக்கு" என்று முப்பது படத்தையும் மாட்ட வைத்தாள். மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த அறையில் யாராலும் ஒரு படத்திலிருந்து இரண்டடிக்கு மேல் விலகி நிற்க முடியாது. மாவு பிசைகிறவரின் பின்னால் நிற்கும்போது, அவருக்கு அடுத்தபடியாக வரிசையில் நிற்பது போல இருந்தது. வியர்த்த சட்டையின் மடிப்பு, கழுத்தில் ஒட்டிய மாவு எல்லாம் மூச்சுக்கு எட்டுகிற தூரம்.

சனிக்கிழமை மதியத்துக்குள் படிக்கட்டில் ஆட்கள் நின்றார்கள். கீழே பெரிய ஹாலில் யாருடைய ஓவியங்களோ இருந்தன. அதைப் பார்த்துவிட்டு மேலே வந்தவர்கள் இறங்கவில்லை. படத்தில் இருப்பவர்களில் பதினேழு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கப்பலுக்கு வர்ணம் பூசுகிறவரின் மனைவி அவரைத் திருப்பி நிறுத்திப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டு, "இதுல கொஞ்சம் எளைச்சிருக்கீங்க" என்றார். மப்ளர் இரண்டு முறை மேலே வந்தார். இரண்டாவது முறை, "பெரிய ஹாலா இருந்தா இது இப்படி இருந்திருக்காது" என்று, அது தன் யோசனை என்பது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். கூட ஒன்பது பேர். மூன்று மணி நேரம் ரயில் ஏறித்தான். மீசைக்காரர் நேராக மாவு பிசைகிறவரின் முன்னால் போய் நின்று, "இது கொஞ்சம் என்ன மாதிரி இருக்குல்ல?" என்றார். ஒல்லியானவர், "விடுங்கண்ணே" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மேற்பார்வையாளர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தார். கிரேன் மேல் நிற்கிறவரின் படத்தில் மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, "இவரு மாட்டியிருக்காரு" என்று தலையாட்டினார்.

"பெரிய படம் வீட்டுல சுருட்டி வெச்சிருக்கேன். அதுவும் உங்களுக்குத்தான்" என்றாள் அக்கா, மற்றவர்கள் காதில் விழாமல்.

"எங்க வீட்டுக் கதவுல நுழையாது" என்றார். "உங்ககிட்டயே இருக்கட்டும். உங்கள நம்பலாம்."

அக்கா முகம் சிவந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாராவது பாராட்டினால் அவளுக்கு நிற்கத் தெரியாது. அதனால் பத்திரிகையிலிருந்து வந்த பெண் அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். இரண்டு நாளாக அம்மா அந்த அறையின் வழிகாட்டி ஆகியிருந்தாள். படத்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் அவளே ஒரு கதை வைத்திருந்தாள். பாதி அவள் கட்டியது.

"இதுல எதும்மா ரொம்ப நல்ல படம்?" என்று கேட்டார் அந்தப் பெண், பேனாவைத் திறந்துகொண்டு.

"அது இங்க இல்லைங்க" என்றாள் அம்மா.

"இல்லையா?"

"இருந்துச்சு. அதுல இருந்தவங்க வேண்டாம்னுட்டாங்க. எம் பொண்ணு மாட்டல. பெரிய ஹாலு போச்சு, அப்பவும் மாட்டல." பள்ளிக்கூடத்தில் மகள் முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற அதே குரல். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எழுதிக்கோங்க. நல்லா பெருசா எழுதிக்கோங்க."

"யாரும்மா அவங்க?"

மேற்பார்வையாளர் அம்மாவுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், கையில் டீயோடு. அம்மா அவர் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"அத மட்டும் கேக்காதீங்க" என்றாள். "சொல்ல மாட்டோம்."